தரம் 4 மகனுக்கு வாசிப்பு வருதில்லை, டிஸ்லெக்சியாவோ (வாசிப்புக் குறைபாடு) எண்டு எங்க காட்டுறது? வன்னிப் பக்கம் தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ

விசுவமடு_அம்மா

வணக்கம் எல்லாருக்கும். நாங்கள் விசுவமடுப் பக்கம் இருக்கிறம். மகன் தரம் 4, ஒன்பது வயசு முடிஞ்சுது, இன்னும் ஒழுங்கா வாசிக்க வருதில்லை. எழுத்து தெரியாதெண்டு சொல்லேலாது, அ ஆ இ ஈ வரிசையாச் சொல்லுவான், க ங ச வும் சொல்லுவான், ஆனா புத்தகத்தில நடுவில ஒரு சொல்லைக் காட்டி இது என்ன எண்டு கேட்டா முதல் எழுத்தைப் பாத்திட்டு மிச்சத்தை ஊகிச்சுத்தான் சொல்லுறான். குடம் எண்டு இருந்தா குடை எண்டுவான், மேசையை மீசை எண்டுவான், மேல சரியா வாசிச்ச சொல்லு அதே பக்கத்தில கீழ வந்தா முன்னப்பின்ன காணாத சொல்லு மாதிரி முழிப்பான். வகுப்பில படிச்சு முடிச்ச பாடமெண்டா கடகடவெண்டு சொல்லுவான், பாக்கிறாக்களுக்கு வாசிக்கிற மாதிரியே இருக்கும், ஆனா அது தமக்கை சத்தமா வாசிக்கேக்க கேட்டுக் கேட்டு பாடமாக்கினது, புதுப் பக்கத்தைத் திருப்பினா நிண்டிடும். எழுத விட்டா ஒரே சொல்லை ஒரே பக்கத்தில வேற வேற விதமா எழுதி வைச்சிருப்பான்.

மற்றதெல்லாத்திலயும் கெட்டிக்காரன். தோட்டத்தில வோட்டர் பம்ப் நிண்டா தகப்பனோட இருந்து கழட்டிப் பூட்டுவான், எந்த நட் எங்க போறது எண்டு அவனுக்குத்தான் ஞாபகம். வாய்க்கணக்கு கேட்டா தமக்கைக்கு முதல் விடை சொல்லுவான், அதே கணக்கை வசனமா எழுதிக் குடுத்தா விட்டிடுவான், கேள்வியை வாசிக்க ஏலாதே.

பள்ளிக்கூடத்தில இவர் மெல்லக் கற்கிற பிள்ளை, விசேட அலகு (விசேட தேவையுள்ள பிள்ளையளுக்கான தனி வகுப்பு) உள்ள பள்ளிக்கூடத்துக்கு மாத்துங்கோ எண்டு சொல்லினம். இன்னொராள் பஞ்சி பிடிச்சவன், ரெண்டு போட்டா வரும் எண்டு சொல்லி போட்டும் இருக்கினம். இப்ப காலமையில பள்ளிக்கூட வெள்ளை உடுப்பைக் கண்டாலே வயித்துக்குத்து எண்டு அழுறான். கனடாவில இருக்கிற மச்சாளின்ர மகளுக்கும் இப்பிடி இருந்து அங்க பள்ளிக்கூடமே டெஸ்ட் எடுத்து டிஸ்லெக்சியா எண்டு கண்டுபிடிச்சு தனியா ஒரு ரீச்சர் போட்டுக் குடுத்தவையாம், அவ தான் உவனையும் கொண்டுபோய் காட்டு எண்டு சொன்னவ.

இஞ்ச எங்க காட்டுறது? கிளிநொச்சியா முல்லைத்தீவா, இல்லாட்டி யாழ்ப்பாணம் தான் போகோணுமோ? என்ன செய்து பாப்பினம், ஊசி ஸ்கான் ஏதும் இருக்கோ, காசு எவ்வளவு முடியும்? மனநல கிளினிக்குக்கு அனுப்புவினம் பிள்ளைக்குப் பேர் கெட்டுப்போகும் எண்டு மாமி பயப்படுறா. அடுத்த வருசம் தரம் 5 ஸ்கொலர்சிப் பரீட்சை வேற இருக்கு. தெரிஞ்சாக்கள் தயவுசெய்து சொல்லுங்கோ.

மல்லாவி_ரீச்சர்

தங்கச்சி, நான் ஆரம்பப் பிரிவில கனகாலம் படிப்பிச்ச ஆள், விசேட கல்வியும் படிச்சனான். நீங்கள் எழுதினதை வைச்சு இது டிஸ்லெக்சியா தான் எண்டு நான் சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டன், ஆனா நீங்கள் எழுதினதில ஒவ்வொண்டும் காட்டவேண்டிய அறிகுறி, ஊகிச்சு வாசிக்கிறது, பாடமாக்கி ஒப்பேத்திறது, வாயால கேட்டா வாறதும் வாசிச்சுச் செய் எண்டா வராததும். மெல்லக் கற்கிற பிள்ளை எண்டா வாய்க்கணக்கு, பம்ப் கழட்டுறது, கதை கேட்டு விளங்கிறது எல்லாத்திலயும் அனேகமா பிந்தி நிக்கும். உங்கட மகன் வாசிப்பிலயும் எழுத்திலயும் மட்டும் தான் நிக்கிறான், அந்த வித்தியாசத்தை நீங்களே வடிவா எழுதியிருக்கிறியள், இதை அப்பிடியே டொக்டரிட்டயும் சொல்லுங்கோ.

முதலாவது வேலை காதும் கண்ணும். காதில சளி கட்டி நெடுக மந்தமா கேக்கிற பிள்ளை, கரும்பலகை தெரியாத பிள்ளை, இவைக்கும் வாசிப்பு பிந்தும், அதுகள் இல்லையெண்டு தெரிஞ்சாத்தான் அடுத்ததுக்குப் போகலாம். பள்ளிக்கூட வைத்திய பரிசோதனைக்கு எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிசில இருந்து வாறவை தரம் 1, 4, 7, 10 பிள்ளையளைப் பாக்கிறவை, உங்கட மகன் தரம் 4 தானே, அது இன்னும் நடக்கேல்லயெண்டா அண்டைக்கு நீங்களும் போய் நிண்டு சொல்லலாம். அதுக்காக பாத்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். விசுவமடுவில இருந்து பரந்தன் றோட்டால கிளிநொச்சிக்கு வாறது சுகம், கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலையில ஓ.பி.டியில (வெளிநோயாளர் பிரிவு) துண்டு எடுத்து பிள்ளைக்கு வாசிப்புப் பிரச்சினை, சிறுவர் கிளினிக்கில காட்டவேணும் எண்டு கேளுங்கோ. அங்க குழந்தை வைத்திய நிபுணர் பாத்து தேவையெண்டா யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் தருவார். அரச ஆஸ்பத்திரியில இதுக்குக் காசு இல்லை, பஸ் காசும் சாப்பாடும் தான். எந்தக் கிளினிக் எந்தக் கிழமை எண்டு முதலே ஃபோன் பண்ணிக் கேட்டிட்டு வெளிக்கிடுங்கோ, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வாற மாதிரி ஆகிடக்கூடாது.

போகேக்க தரம் 1ல இருந்து இருக்கிற கொப்பி எல்லாத்தையும் கொண்டு போங்கோ, வடிவா திருத்தி எழுதின கொப்பி வேண்டாம், பிழை விட்ட கொப்பியள் தான் வேணும். மிட்வைஃப் தந்த பிள்ளையின்ர கிளினிக் கார்ட்டும் வேணும், எப்ப கதைச்சவர் எப்ப நடந்தவர் எண்டு கேப்பினம். அவன் காணாத ஒரு பக்கத்தைக் குடுத்து வாசிக்கச் சொல்லி ஃபோனில ரெக்கோட் பண்ணி வைச்சுக்கொள்ளுங்கோ, ஆஸ்பத்திரியில புது ஆக்களைக் கண்டா கன பிள்ளையள் வாயே திறக்காதுகள்.

வகுப்பு ரீச்சரிட்ட ஒரு கடிதம் கேளுங்கோ, தந்தா நல்லது, தராட்டியும் நீங்கள் போகலாம், தாய் தகப்பன் நேர கூட்டிக்கொண்டு போறதை ஒருத்தரும் மறிக்கேலாது. வலயக் கல்வி அலுவலகத்தில விசேட கல்விக்குப் பொறுப்பான ஆக்கள் இருக்கினம், அவையிட்டயும் எழுத்தில குடுத்து வையுங்கோ.

விசேட அலகைப் பற்றி என்ர அபிப்பிராயத்தைக் கேட்டா, சோதிச்சுப் பாத்து ஆராவது எழுதித் தர முதல் ஒண்டுக்கும் ஓமெண்டு சொல்லி கையெழுத்து வைக்காதேங்கோ. அலகு கூடாத இடமில்லை, அங்க படிப்பிச்சவள் நான், அதால பலன் எடுத்த பிள்ளையள் கனபேர். ஆனா வாசிப்பு மட்டும் தடக்குற, மற்றபடி வகுப்போட ஓடக்கூடிய பிள்ளை சாதாரண வகுப்பிலயே இருந்து, வாசிப்புக்கு மட்டும் மேலதிக உதவி எடுக்கிறது தான் முறை. அலகுக்கு மாத்தினா அவன்ர கணக்கும் விஞ்ஞானமும் சேர்ந்து பின்னுக்குப் போகும்.

அடிக்கிற விசயம், கல்வி அமைச்சின்ர 12/2016 சுற்றறிக்கை பள்ளிக்கூடத்தில உடல் தண்டனை குடுக்கக்கூடாதெண்டு சொல்லுது. அதிபரிட்ட மரியாதையா, ஆனா உறுதியா இதைச் சொல்லுங்கோ. அடி வாங்கி எழுத்து வந்த பிள்ளையை நான் இவ்வளவு காலத்தில காணேல்லை.

நெடுங்கேணி_தாய்

அக்கா எங்கட மகளும் இப்பிடித்தான், இப்ப தரம் 8. ரீச்சர் வழி சொல்லிட்டா, நான் அங்க உள்ளுக்கு என்ன நடக்கும் எண்டதைச் சொல்லுறன், எனக்கு அதுதான் தெரியாமல் பயமா இருந்தது.

ஊசியும் இல்லை ஸ்கானும் இல்லை. ரத்தத்திலயோ படத்திலயோ தெரியிற விசயமில்லை எண்டு அங்கேயே சொன்னவை. முதல்ல எங்களோட தான் கனநேரம் கதைச்சவை, பிள்ளை வயித்தில இருக்கேக்க எப்பிடி, குறைமாசமோ, எப்ப முதல் சொல்லு கதைச்சவ, பள்ளிக்கூடம் ஒழுங்கா போனவவோ, வீட்டில என்ன பிரச்சினை இருக்கு, சொந்தத்தில ஆருக்கும் வாசிப்புக் கஸ்டம் இருக்கோ எண்டு. பிறகு பிள்ளையோட. அது பாக்க விளையாட்டு மாதிரித்தான் இருந்தது. படங்கள் நிறைய வரிசையா இருக்கிற ஒரு மட்டையைக் காட்டி கெதியா கெதியா பேர் சொல்லச் சொன்னவை, சூரியன் வீடு பந்து எண்டு, அவவுக்கு எல்லாப் பேரும் தெரியும் ஆனா வாய்க்கு வர நேரம் எடுத்தது, அதையும் மணிக்கூடு வைச்சுப் பாத்தவை. மரம் எண்ட சொல்லில ம வை எடுத்தா மிச்சம் என்ன எண்டு கேட்டவை. அர்த்தமே இல்லாத சொல்லுகளை எழுதி வாசிக்கச் சொன்னவை, நான் ஏன் உது எண்டு யோசிச்சன், பிறகு தான் சொன்னவை தெரிஞ்ச சொல்லெண்டா பிள்ளை ஞாபகத்தில இருந்து சொல்லிப்போடும், தெரியாத சொல்லில தான் எழுத்தையும் சத்தத்தையும் சேர்க்கத் தெரியுமோ எண்டு பிடிபடும் எண்டு. இலக்கங்களைச் சொல்லி திருப்பிச் சொல்லச் சொன்னவை, பின்பக்கமாகவும் சொல்லச் சொன்னவை. கதை ஒண்டை அவை வாசிச்சுக் காட்டி கேள்வி கேட்டவை, அதுக்கு என்ர பிள்ளை ஒண்டும் விடாமல் பதில் சொன்னவ, அந்த இடத்தில எனக்கு அழுகை வந்திட்டுது, இவ்வளவு நாளும் மண்டையில ஒண்டுமில்லை எண்டு கேட்ட பிள்ளை அது.

எல்லாம் ஒரே நாளில முடியாது, திருப்பி வரச் சொல்லுவினம், ஒருத்தர் பாத்து இன்னொருத்தரிட்ட அனுப்புவினம், டொக்டர், உளவியல் தெரிஞ்சாள், ஸ்பீச் தெரப்பிஸ்ட் எண்டு. பிந்துது எண்டு சலிச்சுப்போய் நிப்பாட்டிப்போடாதேங்கோ.

ஒண்டு மட்டும் கட்டாயம் கேளுங்கோ, தமிழில கதைச்சு, தமிழில வாசிக்க விட்டுப் பாக்கினமோ எண்டு. கொழும்புப் பக்கம் வசதி கூட, ராகமையில களனிப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தோட அயதி நிலையம் எண்டு பிள்ளையளுக்கெண்டே இருக்கு, ஆனா எங்க போனாலும் பிள்ளைக்கு விளங்கிற பாசையில பாத்தாத்தான் அந்த முடிவுக்கு அர்த்தம். மொழி தெரியாததை வாசிப்புக் குறைபாடெண்டு எழுதிவிட ஏலும். எங்களுக்கு யாழ்ப்பாணத்தில தமிழிலயே பாத்தவை, எனக்கு அது திருப்தி.

மனநல கிளினிக் எண்டு மாமி பயப்படுறது விளங்குது, எங்கட வீட்டிலயும் அதே கதை தான் நடந்தது. பிள்ளையளின்ர படிப்பு, கவனம், பேச்சு இதுகளைப் பாக்கிறாக்களும் அந்தப் பிரிவில தான் இருக்கினம். மாமியையும் ஒருக்கா கூட்டிக்கொண்டு போங்கோ அக்கா, அங்க இருக்கிற பிள்ளையளைப் பாத்தா அவவின்ர பயம் தன்பாட்டில போகும்.

ஏ9_றைவர்

நான் லொறி ஓடுறன், இதை வொய்ஸ் டைப்பிங்கில தான் சொல்லுறன், எழுத்துப்பிழை இருந்தா குறை நினைக்காதேங்கோ.

எனக்கு இப்ப முப்பது தாண்டிட்டுது. எனக்கு வாசிப்பு சரியா வராது. சின்னனில இருந்து எல்லாரும் சொன்னது சண்டை, இடம்பெயர்வு, அதால தான் படிப்புக் குழம்பினது எண்டு, நானும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு இருந்தனான். வட்டக்கச்சியில இருந்து வெளிக்கிட்டு தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு எண்டு போய் 2009ல செட்டிகுளம் முகாம், படிச்ச பள்ளிக்கூடத்துக்கெல்லாம் கணக்கில்லை. ஆனா என்ர தங்கச்சியும் அதே தறப்பாளுக்குள்ள தான் இருந்தவள், அதே மரத்துக்குக் கீழ தான் படிச்சவள், அவள் இண்டைக்கு கம்பஸ் முடிச்சு வேலை செய்யிறாள். ரெண்டு பேருக்கும் ஒரே சண்டை தானே. போன வருசம் என்ர மகனை கிளினிக்கில காட்டேக்க அந்த டொக்டர் அம்மா சொந்தத்தில ஆருக்கும் இப்பிடி இருக்கோ எண்டு கேட்டவ, நான் சண்டையால படிக்கேல்ல எண்டு சொல்ல, அவ சகோதரங்கள் எப்பிடி எண்டு திருப்பிக் கேட்டவ. அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது. இது குடும்பத்துக்குள்ள ஓடுற விசயமாம், தாய் தகப்பனில ஒராளுக்கு இருந்தா பிள்ளைக்கு வாற வாய்ப்பு நல்லா கூடவாம்.

இதை ஏன் சொல்லுறன் எண்டா வன்னியில என்ர வயசுக்காறர் கனபேர் நான் சண்டையால படிக்கேல்ல எண்டு தான் சொல்லுவினம். கனபேருக்கு அது உண்மை, பள்ளிக்கூடமே இல்லாமல் போனா ஆருக்கும் வராது தானே. ஆனா சில பேருக்கு ரெண்டும் இருந்திருக்கும், சண்டை மற்றதை மூடிப்போட்டுது. தங்கச்சி உங்கட அவரையும் ஒருக்கா மெதுவா கேட்டுப்பாருங்கோ, அவற்ற சகோதரங்கள், மாமாமார் எப்பிடி எண்டும் கேளுங்கோ. வெக்கப்பட வைக்கிறதுக்கில்லை, டொக்டருக்கு அது உதவும்.

பொடியனுக்கும் ஒரு சொல்லு, ஃபோனில கூகிள் கீபோர்டில தமிழ் இலங்கை எண்டு போட்டா கதைக்கிறதை எழுதும். கூகிள் லென்ஸை கடுதாசிக்கு மேல பிடிச்சா எழுத்தை எடுத்து வாசிச்சும் காட்டும். நான் டெலிவரி பில்லெல்லாம் அப்பிடித்தான் பாக்கிறன். ஒன்பது வயசில இதை ஆராவது எனக்குக் காட்டியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்.

வவுனியா_தெரபி

வணக்கம் அக்கா. பேச்சு மொழி சிகிச்சையில வேலை செய்யிற ஆள் நான், இதை வாசிச்சிட்டு சும்மா போக மனமில்லை.

நீங்கள் வாய்க்கணக்கைப் பற்றி எழுதினதை வாசிக்க எனக்கு ஒரு பழைய கதை ஞாபகம் வந்தது. 1896ல இங்கிலாந்தில பிரிங்கிள் மோர்கன் எண்ட டொக்டர் 14 வயசுப் பொடியன் ஒருத்தனைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில எழுதினவர். பொடியன் நல்ல புத்தி, விளையாட்டிலயும் கெட்டிக்காரன், வாசிப்பு மட்டும் வராது. எல்லாத்தையும் வாயால மட்டும் படிப்பிச்சா அந்தப் பள்ளிக்கூடத்திலயே கெட்டிக்காரன் இவன் தான் எண்டு அவனைப் படிப்பிச்ச வாத்தியார் சொன்னவராம். இது புதுசா வந்த வருத்தமில்லை, வெளிநாட்டுக் கதையுமில்லை. நூறு பிள்ளையளுக்கு 5 தொடக்கம் 10 வரைக்கும் ஏதோ ஒரு அளவில இருக்கலாம் எண்டு பொதுவா சொல்லுறவை, அப்பிடிப் பாத்தா ஒவ்வொரு வகுப்பிலயும் ஒண்டு ரெண்டு பிள்ளை இருக்கும்.

எங்கட தமிழ் எழுத்தில இது எப்பிடித் தெரியும் எண்டது முக்கியம், இன்டர்நெட்டில இருக்கிற அறிகுறி எல்லாம் இங்கிலீசுக்கு எழுதினது, b யும் d யும் மாறுது எண்டு தான் கிடக்கும். தமிழில பிள்ளை முதல்ல மாட்டுப்படுறது உயிர்மெய்க் குறியில. கெ, கே, கை எழுதேக்க கொம்பு முன்னுக்கு நிக்குது, சத்தம் பின்னுக்கு வருது. கொ, கோ எண்டா எழுத்துக்கு ரெண்டு பக்கமும் நிக்குது. குறில் நெடில் மாறும், ஒரு குறி இன்னொரு குறியா மாறும், மேசை மீசை ஆகிறதும் அந்த இடம் தான். ல ள ழ, ர ற, ண ன ந மாறுறதை மட்டும் வைச்சு ஒண்டும் சொல்லேலாது, பெரியாக்களுக்கே மாறும். அதேமாதிரி பிள்ளை 'என்று' எண்டு எழுதாமல் 'எண்டு' எண்டே எழுதினா அது குறைபாடில்லை, வீட்டில கதைக்கிறதை எழுதுது, அவ்வளவு தான். புத்தகத் தமிழும் வீட்டுத் தமிழும் வேற வேறயா இருக்கிறது எல்லாப் பிள்ளைக்கும் ஒரு பாரம், வாசிப்புக் கஸ்டம் உள்ள பிள்ளைக்கு அது இன்னும் கூட. மற்றது தமிழ் அனேகமா எழுதின மாதிரியே வாசிக்கிற எழுத்து, அதால வளர வளர பிழை குறையும், ஆனா வேகம் வராது, எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசிச்சு வசனம் முடியேக்க தொடக்கம் மறந்துபோகும். தரம் 8, 9ல சரியா வாசிக்கிறான் தானே எண்டு விட்ட பிள்ளையள் பரீட்சையில நேரம் காணாமல் விழுறது அதால தான்.

இப்ப என்ன செய்யிறது. கிளினிக் திகதி வருமட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. டி.எஸ்.எம்-5 எண்டு அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் 2013ல வெளியிட்ட அளவுகோலிலயே, சரியான உதவி குடுத்தும் 6 மாசத்துக்கு மேல கஸ்டம் நீடிச்சாத்தான் இந்தப் பேரை வைக்கலாம் எண்டு இருக்கு. அதால இப்பவே தொடங்குங்கோ, என்ன செய்தனியள், என்ன வந்தது எண்டு ஒரு கொப்பியில குறிச்சு வையுங்கோ, அந்தக் கொப்பி சோதிக்கிறாக்களுக்கும் பொன்.

எழுத்துக்கு முதல் சத்தம். இதை பஸ்சிலயும் செய்யலாம், தோட்டத்திலயும் செய்யலாம். கட்டு, பட்டு, தட்டு எண்டு எதுகையா சொல்லு தேடுறது, பால், பாய், பாட்டி எண்டு ஒரே எழுத்தில தொடங்கிறது, வாழைப்பழத்தில வாழையை எடுத்தா மிச்சம் என்ன, பிறகு படத்தில ப வை எடுத்தா மிச்சம் என்ன. பிறகு எழுத்து, ஒரு நேரத்தில ஒரு குறி மட்டும். ஒரு கிழமைக்கு அரவு மட்டும் எடுங்கோ, கா, பா, மா, தா, அந்த எழுத்துகளால வாற சொல்லுகள் மட்டும், காகம், பாடம், மாமா, அது நல்லா ஊறினாப் பிறகு அடுத்த குறி. கெ யும் கே யும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் படிப்பிக்காதேங்கோ, ரெண்டும் கலங்கிப்போகும், ஒண்டு உறுதியாகி கொஞ்சம் விட்டு மற்றது. மணலில விரலால எழுதிக்கொண்டு அதே நேரம் சத்தமாச் சொல்லவேணும், கண், காது, வாய், கை நாலும் ஒண்டா வேலை செய்யட்டும். மணலுக்கு வன்னியில பஞ்சமில்லை. ஒரு நாளைக்கு பதினைஞ்சு இருவது நிமிசம் காணும், ஆனா ஒவ்வொரு நாளும் வேணும், சனி ஞாயிறு ரெண்டு மணித்தியாலம் இருத்தி வைக்கிறதால பலனில்லை. ஒரு சொல்லை நூறு தரம் எழுத விடுறதும் வேண்டாம், பிழையாவே நூறு தரம் பழகும்.

மற்றது அவனுக்குப் புத்தகம் வாசிச்சுக் காட்டுறதை நிப்பாட்டாதேங்கோ. தமக்கை வாசிக்க அவன் கேக்கிறது ஏமாத்தில்லை, அவன்ர அறிவு வளருறது அதால தான். எழுத்து பிந்தினாலும் சொல்லும் விசயமும் பிந்தக்கூடாது.

செலவழிக்கக் கூடாத இடத்தையும் சொல்லோணும், ஏனெண்டா இந்தப் பிள்ளையளின்ர தாய்மாரிட்ட காசு பறிக்கிறாக்கள் இருக்கினம். கலர் கண்ணாடி, கண் பயிற்சி இதுகளால டிஸ்லெக்சியா மாறுமெண்டு ஆதாரம் இல்லை, அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கமும் கண் வைத்தியர் சங்கமும் சேர்ந்து 2009லயே இதைச் சொல்லிட்டினம். கண்பார்வைக் குறை இருந்தா கண்ணாடி போடவேணும், அது வேற. ஞாபகசக்தி ரொனிக், மூளைக்கு எண்ணெய், ரெண்டு விரலால மூளையைத் தட்டி எழுப்புற வகுப்பு, ஒண்டும் வேண்டாம். ஐம்பது பிள்ளையளை ஒண்டா வைச்சு நடத்திற ரியூசனும் இவனுக்கு உதவாது, பள்ளிக்கூடத்தில விளங்காத அதே முறையைத் தான் அங்க இன்னும் கெதியா சொல்லிக் குடுப்பினம். அந்தக் காசை பஸ்சுக்கு வையுங்கோ.

விசுவமடு_அம்மா

எல்லாருக்கும் எப்பிடி நன்றி சொல்லுறதெண்டு தெரியேல்ல. றைவர் அண்ணா எழுதினதை இரவு இவருக்கு வாசிச்சுக் காட்டினன், கனநேரம் ஒண்டும் சொல்லேல்ல, பிறகு சொன்னார் தன்ர பெரியண்ணாவும் தானும் ஒரே மாதிரி, ஃபோம் நிரப்புறதெண்டா இண்டைக்கும் என்னட்டத்தான் தாறவர், நான் அதை ஒரு விசயமாவே எடுக்கிறதில்லை. தானும் கிளினிக்குக்கு வாறன் எண்டு அவரே சொன்னவர். வாற கிழமை கிளிநொச்சிக்கு வெளிக்கிடுறம், கொப்பியெல்லாம் கட்டி வைச்சாச்சு.

ரெண்டு விசயம் தான் இன்னும். ஸ்கொலர்சிப்புக்கு என்ன செய்யிறது? மற்றது இங்கிலீசையும் இப்ப சேர்த்துப் படிக்கிறான், அதை நிப்பாட்டவோ?

வவுனியா_தெரபி

இங்கிலீசை நிப்பாட்டத் தேவையில்லை அக்கா, கதைக்கிறது, கேக்கிறது, பாட்டு எல்லாம் நடக்கட்டும், எழுத்தில மட்டும் அவசரப்படுத்தாதேங்கோ. தமிழில எழுத்தும் சத்தமும் அனேகமா நேரா ஒத்துப்போகும், இங்கிலீசில ஒரே எழுத்துக்கு பல சத்தம், டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு அது இன்னும் கடினம். தமிழில கால் ஊண்டின பிறகு அங்க போறது சுகம்.

மல்லாவி_ரீச்சர்

ஸ்கொலர்சிப் கட்டாயம் எழுதவேண்டிய பரீட்சையில்லை தங்கச்சி. ஆனா வகுப்பில எல்லாப் பிள்ளையளும் எழுதேக்க தான் மட்டும் நிக்கிறது அவனுக்குக் கவலையா இருக்குமெண்டா எழுதட்டும், வெட்டுப்புள்ளியைப் பற்றி வீட்டில ஒரு கதையும் கதைக்காமல் எழுத விடுங்கோ. விசேட தேவையுள்ள பரீட்சார்த்தியளுக்கு மேலதிக நேரம் மாதிரியான சலுகைக்கு பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வழியிருக்கு, வைத்திய அறிக்கை வேணும், அதிபர் ஊடாகப் போகோணும், பரீட்சைக்கு விண்ணப்பிக்கிற நேரமே குடுக்கோணும். கடைசி நேரத்தில ஓடினா கிடையாது, அதால தான் சோதிக்கிறதைப் பிற்போடாதேங்கோ எண்டு சொல்லுறன். இந்தமுறை சரிவராட்டியும் ஓ.எல்லுக்கு (தரம் 11 பரீட்சை) அந்த அறிக்கை கட்டாயம் தேவைப்படும், அங்க தான் வாசிக்கிற வேகம் பிள்ளையின்ர வாழ்க்கையையே பிடிச்சு நிப்பாட்டுறது.

பள்ளிக்கூடத்தில காசு செலவில்லாமல் ஒரு ரீச்சர் செய்யக்கூடியது கனக்க இருக்கு, கேட்டு வாங்கவேணும். எல்லாற்ற முன்னாலயும் எழுப்பி வாசிக்க விடாமல் இருக்கலாம். கேள்வியை வாசிச்சுக் காட்டி விடையை வாயால கேக்கலாம். கணக்கில எழுத்துப்பிழைக்குப் புள்ளி வெட்டாமல் விடலாம். கரும்பலகையில எழுதினதைப் பாத்து எழுத நேரம் குடுக்கலாம், இல்லாட்டி பக்கத்துப் பிள்ளையின்ர கொப்பியை வீட்ட குடுத்து விடலாம். சண்டைக்குப் போற மாதிரிப் போகாமல் அறிக்கையையும் கையில வைச்சுக்கொண்டு, ரீச்சர் உங்களால இதில எது செய்ய ஏலும் எண்டு கேளுங்கோ, ரெண்டைச் செய்யிறன் எண்டு சொன்னாலும் ஓமெண்டு தொடங்குங்கோ. நாப்பது பிள்ளையை வைச்சுக்கொண்டு நிக்கிற ரீச்சருக்கும் இதைப்பற்றி ஒருத்தரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டினம்.

அறிக்கை கையில கிடைச்ச உடன நாலைஞ்சு ஃபோட்டோக்கொப்பி எடுங்கோ. ஒறிஜினலை ஒருத்தரிட்டயும் குடுக்காதேங்கோ, ஃபோனிலயும் ஒரு படம் எடுத்து வையுங்கோ. ஒண்டு அதிபருக்கு, ஒண்டு வகுப்பு ரீச்சருக்கு, ஒண்டு வலயத்துக்கு, குடுத்த திகதியையும் வாங்கினவையின்ர கையெழுத்தையும் உங்கட கொப்பியில எடுத்துக்கொள்ளுங்கோ. ஒவ்வொரு வருசமும் வகுப்பு மாறேக்க புது ரீச்சரிட்ட நீங்களே நேர போய் அறிக்கையின்ர ஒரு ஃபோட்டோக்கொப்பியைக் குடுத்து மகனைப் பற்றிச் சொல்லுங்கோ, பழைய ரீச்சர் சொல்லியிருப்பா எண்டு விட்டிடாதேங்கோ. கிளிநொச்சியில என்ன சொன்னவை எண்டதை வந்து எழுதுங்கோ, யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் தந்தா அங்க போக முதலும் கேளுங்கோ.